பட்டியலின் முதல் சொல்

ஸாரி என்ற சொல்லைப்போல மலிந்துபோன சரக்கு வேறொன்று கிடையாது. ராங் நம்பர் போட்டவன் சொல்வான், கல்யாணத்துக்கு வர மறந்தவன் சொல்வான், தும்மினவன் சொல்வான். ஏன், கூடப் பிறந்தவன் பங்கை அமுக்கிக்கொண்டவன்கூட அதை ஒரு தடவை சொல்லிவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போவான். ஆனால் அந்த ஐந்து மாடி ஆஸ்பத்திரிக்குள் மட்டும் அது யார் வாயிலிருந்தும் வரக் கூடாது. டாக்டரோ, நர்ஸோ, தரை துடைக்கிறவரோ, வேலைக்குச் சேரும் நாளில் எல்லோரும் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டாக வேண்டும். நோயாளிகளிடமும் அவர்களைச் சேர்ந்தவர்களிடமும் சொல்லக் கூடாத சொற்கள் என்று அதற்குத் தலைப்பு. மொத்தம் முப்பத்திரண்டு. முதலில் நிற்பது ஸாரி.

அந்தப் பட்டியலைத் தயாரித்த புண்ணியவதியை ஆஸ்பத்திரியில் அகராதி என்று கூப்பிடுவார்கள். வயது நாற்பத்தொன்று. தரைத்தளத்தில் குறைதீர்ப்புப் பிரிவில் வேலை. புகார்க் கடிதங்களுக்கு ஆங்கிலத்தில் பதில் எழுத வேண்டும், நேரில் வருகிறவர்களைக் கண்ணாடி அறையில் உட்காரவைத்துப் பேச வேண்டும். மேஜையில் எப்போதும் ஒரு தடித்த ஆங்கில அகராதி இருக்கும். ஒவ்வொரு சொல்லும் எங்கே பிறந்தது, எந்தெந்த வீட்டில் வாழ்ந்து இங்கே வந்து சேர்ந்தது என்று ஜாதகம் கணித்துச் சொல்லும் புத்தகம் அது. அதனால்தான் அந்தப் பெயர். ஆளும் கொஞ்சம் அகராதி பிடித்தவள்தான் என்பதால் பெயர் பசையாக ஒட்டிக்கொண்டது.

எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பயிற்சி டாக்டர், குழந்தையைப் பறிகொடுத்த ஒரு தகப்பனிடம், நடைபாதையில் வைத்து, மனசு கேட்காமல் ஸாரி என்று சொல்லிவிட்டான். அது கோர்ட்டுக்குப் போயிற்று. தப்பே செய்யாதவர் எதற்காக ஸாரி சொன்னார் என்று எதிர்த்தரப்பு கேட்ட கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை. ஆஸ்பத்திரி கேஸில் தோற்றது. மறுநாளே ஆஸ்பத்திரியின் வக்கீல் அகராதியின் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். எது எது சொல்லக் கூடாது, அதற்குப் பதிலாக எது சொல்லலாம் என்று ஒரு பட்டியல் வேண்டும் என்றார். அவள் ஒரே நாளில் எழுதிக் கொடுத்தாள். ஸாரிக்குப் பதிலாக ரெக்ரெட். ரெக்ரெட் என்று எழுதினால் வருத்தமும் இருக்கும், ஆளும் சிக்கமாட்டான். மழை பெய்துவிட்டது என்று சொல்வதுபோல நடந்ததற்காக வருந்தலாம், யார் செய்தது என்று யாரும் கேட்க முடியாது. வக்கீல் அவளைப் பாராட்டினார். அவளுக்கும் தலைகால் புரியாத பெருமை. தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். அவளைச் சுடுவதற்கு எட்டு வருஷம் ஆயிற்று, அவ்வளவுதான்.

செவ்வாய் என்று ஒருவர் வந்துகொண்டிருந்தார். சொந்தப் பெயர் ஃபைலில் இருந்தாலும் அந்தப் பிரிவில் எல்லோருக்கும் அவர் செவ்வாய்தான். பதினொரு வாரமாகச் செவ்வாய்க்கிழமை தவறாமல் காலை பத்தரைக்கு வந்துவிடுவார். லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர். சாம்பல் நிறச் சீருடை, நகக்கண்ணில் கிரீஸ், தோளில் ஸ்பேனர் பை. பையைக் கீழே வைக்கும்போது சத்தம் வராமல் மெதுவாக வைப்பார். அவருடைய மனைவி பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன் செய்துகொண்டு மூன்றாம் நாள் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவள். மறுநாள் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லியாயிற்று. அன்று மத்தியானம் ஒரு ஊசி போட்ட இரண்டாவது நிமிஷம் போய்விட்டாள். எதிர்பாராத விதமாக இதயம் நின்றதற்கு ரெக்ரெட் தெரிவிக்கிறோம் என்று அவருக்குக் கடிதம் போயிற்று. எழுதியவள் அகராதி.

பதினோராவது செவ்வாய்க்கிழமை அவர் அந்தக் கடிதத்தை மேஜையில் விரித்துவைத்தார். நான்காக மடித்து மடித்து மடிப்பு கிழிந்திருந்தது.

"மேடம், நான் கேஸ் போட வரல. அதை நீங்க நம்பமாட்டேங்கறீங்க. ஸாரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போயிடுறேன்."

"உங்க மனவேதனையை நாங்க மதிக்கறோம் சார்" என்றாள் அகராதி. அது பட்டியலின் இரண்டாம் பக்கத்தில் இருக்கும் வாக்கியம்.

"எங்க தொழில்ல ஒரு பழக்கம் இருக்கு. லிஃப்ட் நடுவுல நின்னுபோச்சுன்னா நாங்க போய் மொதல்ல கதவைத் தொடமாட்டோம். உள்ள மாட்டிக்கிட்டு இருக்கறவங்களுக்குக் கேக்கற மாதிரி ஸாரின்னு சொல்லணும். அப்புறந்தான் ஸ்பேனரை எடுக்கணும். லிஃப்டை நாங்க நிறுத்தல. கரண்ட் போயிருக்கும், எலி கடிச்சிருக்கும். ஆனாலும் சொல்லணும். வெளிய ஒரு ஆள் இருக்கான், அவனுக்கு நம்ம கஷ்டம் தெரியுதுன்னு உள்ள இருக்கறவங்களுக்குத் தெரியணும்ல? நான் பதினோரு வாரமா உள்ள நிக்கறேன் மேடம்."

அகராதி மேஜைமேல் இருந்த சின்ன மைக்கைப் பார்த்தாள். அதன் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அந்த அறையில் பேசுகிற ஒவ்வொரு சொல்லும் பதிவாகி வக்கீல் காதுக்குப் போகும்.

"இதுல ரெக்ரெட்னு போட்டிருக்கீங்க. அதுவும் ஸாரியும் ஒண்ணுதானேன்னு எங்க ஓனர் கேக்கறாரு. ஒண்ணா?"

சொல்லைப் பற்றி யாராவது கேட்டுவிட்டால் அவளுக்கு வாய் சும்மா இருக்காது. அதுவும் இது பட்டியலில் இல்லாத விஷயம். "ஒண்ணு இல்ல சார். ரெக்ரெட் பிரெஞ்சுக்காரங்ககிட்டேயிருந்து வந்தது. செத்தவங்களை நெனச்சு அழறதுன்னு அதுக்குப் பழைய அர்த்தம்."

"அழுதாங்களா?"

"யாரு சார்?"

"இந்த லெட்டரை எழுதினவங்க."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான் என்று அவளுக்கே தோன்றியது. சட்டென்று அடுத்த சொல்லுக்குத் தாவினாள். "ஸாரி வேற. நிறையப் பேரு அதையும், துக்கத்துக்குச் சொல்ற ஸாரோங்கற சொல்லையும் அக்கா தங்கச்சின்னு நெனச்சுக்குவாங்க. கெடையாது. ரெண்டும் வேற வேற வீட்டுல பொறந்து பின்னால ஒட்டிக்கிட்டது. ஸோர்னு இங்கிலீஷ்ல ஒரு சொல் இருக்குல்ல, புண்ணு, வலி. அதுலேருந்து வந்ததுதான் ஸாரி."

"அப்ப மன்னிப்பு கேக்கறது இல்லையா?"

"இப்ப அப்படி ஆயிடுச்சு. ஆரம்பத்துல இல்ல. எனக்கு வலிக்குதுன்னு சொல்றதுதான் ஸாரி."

அவர் தன் கிரீஸ் விரல்களைப் பார்த்தார். "நான் கேக்கறது அதைத்தான் மேடம்" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனார்.

அகராதிக்கு அன்றைக்கு மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை. இறங்காததற்குக் காரணம் கருணை மட்டும் இல்லை. அந்த ஊசியைப் போட்டவள் அவளுடைய சொந்தத் தங்கை.

நடந்தது இதுதான். கையில் குத்தியிருக்கும் குழாய் வழியாக மருந்து ஏற்றிய பிறகு, அடைத்துக்கொள்ளாமல் இருக்கக் கொஞ்சம் சுத்தமான உப்புத் தண்ணீரை உள்ளே தள்ளுவார்கள். அந்தத் தண்ணீர்க் குப்பிகளுக்கு வார்டு அலமாரியில் ஒரு நீலத் தட்டு உண்டு. பொட்டாசியம் என்ற மருந்தும் அதே அளவுக் குப்பியில் அதே தண்ணீர் நிறத்தில்தான் வரும். அதை மட்டும் பூட்டிவைக்க வேண்டும். கலக்காமல் நேராக ஏற்றினால் இதயம் நின்றுவிடும். ஆனால் வார்டுகளுக்குள் ஒரு கைமாற்றுப் பழக்கம் இருந்தது. ஒரு வார்டில் குப்பி தீர்ந்தால் பக்கத்து வார்டில் இரண்டு வாங்கிவருவார்கள், மிஞ்சியதைத் திருப்பிக் கொடுக்கும்போது அவசரத்தில் கைக்கெட்டிய தட்டில் போட்டுவிட்டு ஓடுவார்கள். அன்று யாரோ பொட்டாசியத்தை நீலத் தட்டில் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். பதினெட்டு நோயாளிகளுக்கு இரண்டே நர்ஸ்கள். தங்கை நீலத் தட்டில் கைவிட்டாள், எடுத்தாள், உடைத்தாள், ஏற்றினாள். ஆயிரம் தடவை அப்படித்தான் எடுத்திருக்கிறாள். லேபிளைப் படிக்கவில்லை.

தலைமை நர்ஸ் உடைந்த குப்பியைத் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டாள். சாயங்காலத்துக்குள் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. தங்கையை வார்டிலிருந்து எடுத்துத் தரைக்குக் கீழே துணி மடிக்கும் அறைக்கு அனுப்பினார்கள். அன்றிலிருந்து அவள் வெளுத்து வருகிற படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருக்கிறாள்.

அம்மா அப்பா போன பிறகு தங்கையைப் பள்ளியில் சேர்த்து, நர்ஸிங் படிக்கவைத்து ஆளாக்கியவள் அகராதிதான். வீட்டில் இவர்கள் இரண்டு பேர் மட்டும். தங்கைக்கு முப்பது வயதாகப் போகிறது. இந்த மூன்று மாதத்தில் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு வந்துவிட்டது. தட்டில் போட்டதைப் பிசைந்து பிசைந்து அப்படியே குப்பையில் கொட்டுவாள். எப்போது பார்த்தாலும் ஒரே கேள்வி.

"இன்னைக்கு வந்தாராக்கா?"

"வந்தாரு."

"என்ன கேட்டாரு?"

"வழக்கம்போல."

"நான் அவரைப் பாக்கறேனே. ஒரே ஒரு நிமிஷம். கால்ல விழுந்துட்டு வந்துடுறேன்."

"ஜெயில்ல போய் விழு" என்று அகராதி சீறினாள். சொன்ன பிறகு தன் நாக்கைத் தானே கடித்துக்கொண்டாள். தங்கைமேல் அவளுக்குக் கோபம் இல்லை, பயம்தான். உயிரைக் கொடுத்து வளர்த்த பிள்ளையை எந்தப் பெண்தான் கூண்டில் ஏற்றிப் பார்ப்பாள்?

வெள்ளிக்கிழமை வக்கீல் கூப்பிட்டனுப்பினார். மேஜையில் ஒரு தாள் தயாராக இருந்தது. எனக்குத் தேவையான விளக்கம் கிடைத்துவிட்டது, இனி எனக்கு எந்தப் புகாரும் இல்லை என்று இரண்டு வரி. கீழே கையெழுத்துக்கு இடம்.

"செவ்வாய்க்கிழமை அந்த ஆளுகிட்ட இதுல கையெழுத்து வாங்கிடுங்க அகராதிம்மா. வாரா வாரம் வந்து உக்காந்தா நாலு பேரு என்னன்னு கேப்பாங்க. இந்த வாரம் சொல்லுக்கு அர்த்தமெல்லாம் சொல்லிட்டு இருந்தீங்க போல, கேட்டேன். நல்லாத்தான் இருந்துச்சு. அதெல்லாம் வேண்டாம்."

"சரிங்க சார்."

"அந்தப் பொண்ணு உங்க தங்கச்சின்னு எனக்குத் தெரியும். அவ வாயைத் தொறந்தா ஆஸ்பத்திரி எப்படியோ சமாளிச்சுக்கும். நான் இருக்கேன். அவளுக்கு யாரு இருக்கா? உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

நல்லதுக்குத்தான் சொல்கிறேன் என்று ஆரம்பிக்கிறவன் கையில் கத்தி இருக்கும் என்பது அவளுக்குத் தெரியாததா? தெரிந்தும் தாளை வாங்கிக்கொண்டு வந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் தங்கை சீருடையை மாட்டிக்கொண்டு அடுப்படி வாசலில் வந்து நின்றாள். முகத்தில் ஒரு தீர்மானம். "பத்தரை மணிக்கு நான் மேல வரப்போறேன். நீ என்ன வேணா பண்ணிக்கோ."

அகராதி கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். அதட்டிப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள், செத்துப்போன அம்மாவை இழுத்துப் பார்த்தாள். ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில், "நான் சொல்றேன்டி. உன் பேரைச் சொல்லாம, உன் மனசுல என்ன இருக்கோ அதை நானே அவர்கிட்ட சொல்லிடுறேன். சத்தியமா" என்றாள்.

தங்கை அவள் முகத்தையே பார்த்தாள். சின்ன வயதிலிருந்து அக்கா சத்தியம் செய்து மீறியதில்லை. "அப்ப இதையும் சொல்லு. அந்த அம்மா போறப்ப அவங்க கையை நான் புடிச்சுட்டு இருந்தேன். கடைசி வரைக்கும் விடல. தனியாப் போகல, அவர்கிட்ட சொல்லு. எனக்கு வலிக்குதுன்னு சொல்லு. தெனமும் வலிக்குதுன்னு சொல்லு."

"சொல்றேன்."

"மறந்துடாதக்கா."

பத்தரைக்குச் செவ்வாய் வந்தார். சீருடை இல்லை. சலவைச் சட்டை, ஸ்பேனர் பைக்குப் பதிலாகத் துணிப் பெட்டி. சவரம் செய்த முகம் சின்னதாகத் தெரிந்தது.

"ஊரைக் காலி பண்றேன் மேடம். சாயங்காலம் அஞ்சு மணிக்கு ரயிலு. அண்ணன் வீட்டுக்குப் போறேன். அந்த வீட்டுல தனியா இருக்க முடியல."

அகராதி தாளை அவர் பக்கம் நகர்த்தினாள். விளக்கிச் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள், அதற்குள் அவரே படித்துவிட்டார்.

"போட்டுடுறேன். ஒரே ஒரு விஷயம். போன வாரம் நீங்க சொன்னதை யோசிச்சுக்கிட்டே இருந்தேன். ஸாரியெல்லாம் வேண்டாம், உங்களுக்கு ஏதோ ரூல் இருக்கும், விடுங்க. அதோட அர்த்தத்தை மட்டும் சொல்லுங்க. அன்னைக்கு அவளைப் பாத்துக்கிட்ட நர்ஸ் பொண்ணு இருக்கே, அந்தப் பொண்ணுக்கு வலிக்குதா? அது யாருன்னு நான் கேக்கல. திட்டவும் மாட்டேன். ஆமான்னா ஆமா, இல்லன்னா இல்ல. என் பொண்டாட்டி செத்தது என்னைத் தவிர இன்னும் ஒரு ஆளுக்கு வலிச்சிருக்குன்னா, எனக்கு அது போதும்."

ஆமாம். மூன்றெழுத்து. சொல்லக்கூட வேண்டாம், தலையை ஆட்டினால் போதும், மைக்குக்குக் கண் கிடையாது. அகராதிக்கு அது நன்றாகத் தெரிந்திருந்தது. தலை ஆடினால் நர்ஸ் ஒருத்தி இருக்கிறாள் என்று ஆகும், வலிக்கிறது என்றால் ஏன் வலிக்கிறது என்று ஆகும், ஏன் என்று ஆனால் குப்பி வரும், நீலத் தட்டு வரும், தங்கை வருவாள். இந்தக் கணக்கைப் போட்டுப் போட்டு எட்டு வருஷம் சம்பளம் வாங்கியவள் அவள். கழுத்து மரத்துப்போய் அப்படியே நின்றது. வாய் மட்டும் பழக்கதோஷத்தில் தானாகத் திறந்தது.

"அப்படியான தகவல் எதுவும் எங்ககிட்ட இல்ல சார்."

அவர் தலையாட்டினார். கோபப்பட்டிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "அப்ப யாருக்கும் இல்ல" என்று தனக்குத்தானே சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் பேனாவை எடுத்தார். கையெழுத்துப் போட்டார். தாளின் மேலே தன் பெயருக்குப் பக்கத்தில் அடித்திருந்த போன் நம்பரைப் பார்த்துவிட்டு அதன் மேல் ஒரு கோடு இழுத்தார்.

"இது அவளோட நம்பர். இன்னையோட நிறுத்தியாச்சு."

"புது நம்பர், விலாசம் ஏதாவது குடுத்துட்டுப் போறீங்களா சார்?"

"இனிமே எனக்கு நீங்க என்ன எழுதப் போறீங்க?" என்று கேட்டார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். கண்ணாடிக் கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார்.

அவரைத் துரத்திக்கொண்டு ஓடியிருக்கலாம். வாசலில் மைக் இல்லை. ஓடவில்லை. தாளை ஃபைலில் வைத்து வக்கீலுக்கு அனுப்பினாள். பிறகு அடுத்த கடிதத்தை எடுத்தாள். சாயங்காலம் வரைக்கும் எழுதினாள். என்ன எழுதினாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

வீட்டுக்கு வந்தபோது மணி ஐந்தரை. தங்கை முன்னாலேயே வந்திருந்தாள். கதவைத் திறந்ததும் செருப்பைக்கூடக் கழற்ற விடாமல் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சொன்னியா?"

"சொன்னேன்."

"கையைப் புடிச்சுட்டு இருந்ததை?"

"அதையும் சொன்னேன்."

"என்ன சொன்னாரு?"

ஆயிரம் சொல்லுக்கு ஜாதகம் எழுதத் தெரிந்தவளுக்கு அந்த நேரத்தில் ஒரு சொல் அகப்படவில்லை. "மன்னிச்சுட்டேன்னு சொல்லச் சொன்னாரு" என்று சொல்லிவிட்டாள். பெற்றவள் இருந்திருந்தால்கூட அந்த இடத்தில் அதைத்தான் சொல்லியிருப்பாள் என்று தனக்கு ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டாள்.

தங்கை அப்படியே சுவரில் சாய்ந்தாள். மூன்று மாதமாக வராத அழுகை வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து தலையை வாரினாள். கண்ணாடியில் தன்னைப் பார்த்தாள். அகராதிக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. பொய்தான், ஆனால் பிள்ளை பிழைத்துவிட்டது என்று நினைத்தாள். அந்த நினைப்பு ஐந்து நிமிஷம்கூட நிலைக்கவில்லை.

தங்கை செருப்பை எடுத்துக் காலில் மாட்டினாள்.

"எங்கடி கிளம்பிட்ட?"

"அவர் வீட்டுக்கு. ஃபைல்ல விலாசம் இருக்கும்ல, சொல்லு. மன்னிச்சுட்டாருல்ல, இனிமே என்ன பயம்? நேர்ல ஒரு தடவை என் வாயால சொல்லிட்டு வந்துடுறேன்க்கா. நீ சொன்னதே போதும்தான். ஆனாலும் நான் சொல்லணும்."

"இன்னைக்கு வேண்டாம்."

"ஏன்?"

"நாளைக்குப் போலாம்."

"நாளைக்கு மட்டும் என்ன? நீயும் வாயேன். ரெண்டு பேரும் போலாம்."

அகராதி கதவுக்கு முன்னால் போய் நின்றாள். தங்கையின் முகத்தில் அந்த வெளிச்சம் இன்னும் இருந்தது. இன்னொரு பொய் கையில் தயாராகத்தான் இருந்தது. அதற்குமேல் இன்னொன்றும் வேண்டியிருக்கும். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"நான் சொல்லல."

"எதை?"

"எதையுமே சொல்லல. அந்த நர்ஸுக்கு வலிக்குதான்னு அவரே கேட்டாரு. ஆமா இல்ல, ஒண்ணு சொல்லுங்க போதும்னாரு. தகவல் இல்லன்னு சொல்லிட்டேன். கையெழுத்து போட்டுட்டுப் போயிட்டாரு. ஊரைக் காலி பண்ணிட்டாரு. அஞ்சு மணிக்கு ரயிலு."

தங்கை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்தே முக்கால். எந்த ஊர், எந்த ரயில், போன் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் அகராதி இல்லை என்று தலையசைத்தாள். காலையில் அசையாத கழுத்து இப்போது நன்றாக அசைந்தது.

தங்கை மாட்டிய செருப்போடு தரையில் உட்கார்ந்துகொண்டாள்.  பிறகு சாதாரணக் குரலில், யாரோ மூன்றாம் மனுஷரைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"இப்ப அவரு ரயில்ல உக்காந்திருப்பாரு. யாருக்கும் வலிக்கலன்னு நெனச்சுக்கிட்டு. சாகற வரைக்கும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருப்பாரு, இல்லக்கா?"

அகராதி அவள் பக்கத்தில் மடங்கி உட்கார்ந்தாள். நெஞ்சுக்குள் எங்கோ புண்ணைக் கீறிவிட்டாற்போல வலித்தது. எட்டு வருஷமாக, அர்த்தம் சொல்வதற்குத் தவிர அவள் வாய்க்கு வராத அந்தச் சொல், வலியோடு சேர்ந்து வந்தது.

"ஸாரிடி."

தங்கை திரும்பிப் பார்க்கவில்லை. "அதை எங்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது" என்றாள்.